பேக்கிங்கை மாற்றும் முன்: பெட்ரோல் காரில் வாக்யூம் லீக் தேடும் முறை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். 2014 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் வெளியே ஒரு கடையில் சிஎன்ஜி கிட் போட்டிருக்கிறீர்கள். ஒரு மாதமாக இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) 1,200 ஆர்பிஎம்முக்குக் கீழே நிலைக்கவில்லை. சிக்னலில் நின்றால் 900-க்கும் 1,500-க்கும் நடுவே ஏறி ஏறி இறங்குகிறது. பெட்ரோலுக்கு மாற்றினாலும் அதே கதை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "வாக்யூம் லீக், இன்டேக் மேனிஃபோல்ட் பேக்கிங் போயிடுச்சு, ஒன்பதாயிரம் ஆகும்" என்கிறார். அதாவது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி இன்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள சீல் போய், அது வழியாக வேண்டாத காற்று புகுகிறது என்கிறார். வீடியோக்களில் காட்டுவதுபோல கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து நீங்களே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது ஸ்ப்ரேயைப் பற்றி என்றாலும், அந்த ஒன்பதாயிரத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

கோவையில் 25 வருடமாக பெட்ரோல் வண்டிகள் பார்க்கிறேன். கார்புரேட்டர் காலத்தின் வால் பகுதியில் தொழிலுக்கு வந்தவன். வண்டியைத் தொடாமல் இன்ன இடத்தில்தான் ஓட்டை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்து, எங்கே முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்று சொல்ல முடியும்.

முதலில் அடிப்படை. ஐடிலிங்கில் த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு, ஏறக்குறைய மூடியே இருக்கும். பிஸ்டன்கள் இழுக்கின்றன, உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லை, அதனால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் விழுந்துவிடுகிறது. வெளியே 100 கிலோபாஸ்கல் என்றால் உள்ளே 30, 35 இருக்கும். இந்த நிலையில் உங்கள் இன்ஜின் இழுக்கும் காற்று வினாடிக்குச் சுமார் 2 கிராம்தான். இப்போது மேனிஃபோல்டில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று விழுந்தது என்று வையுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வழியாக மட்டும் வினாடிக்கு 1 கிராமுக்கு மேல் புகுந்துவிடும். பாதிக்குப் பாதி! 1 மில்லிமீட்டர் ஊசி ஓட்டை என்றால் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதில் பாதியைத் தாண்டாத வரை, ஓட்டைக்குள் காற்று ஒலியின் வேகத்தில் பாய்கிறது. உள்ளே அழுத்தம் இன்னும் விழுந்தாலும் புகும் காற்றின் அளவு அதற்கு மேல் கூடுவதில்லை. நாம் கேட்கும் அந்த 'உஸ்ஸ்' இதுதான். ஆக்சிலேட்டர் கொடுத்து 2,500-க்கு ஏற்றினால் இன்ஜின் பல மடங்கு காற்றை இழுக்கும், ஓட்டை வழியாக வருவது மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும். அதனால்தான் இந்தக் கோளாறு உள்ள வண்டி சிக்னலில் ஆடும், ஹைவேயில் ஒன்றுமே தெரியாது.

நீங்கள் சொன்ன ஏறி இறங்கும் ஆட்டத்துக்கும் விளக்கம் உண்டு. கால் பெடலில் இல்லை, ஆனால் ஆர்பிஎம் அதிகமாக இருக்கிறது என்றால், வண்டி இறக்கத்தில் உருள்கிறது போலிருக்கிறது என்று நினைத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திவிடும். ஆர்பிஎம் விழும். விழுந்ததும் திரும்பப் பெட்ரோல் கொடுக்கும். கள்ளக் காற்று ஏற்கெனவே உள்ளே இருப்பதால் மறுபடி ஏறும். மறுபடி நிறுத்தும். தாளம் தப்பாமல் நடக்கும் இந்த ஆட்டம், எங்கிருந்தோ தேவைக்கு மேல் காற்று வருகிறது என்பதற்கு நல்ல சாட்சி. ஆகவே உங்கள் மெக்கானிக் சொன்னதில் முதல் பாதி சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டாம் பாதி, அதாவது பேக்கிங் என்பது, அவர் சோதித்துச் சொன்னதா அனுமானமா என்று உங்கள் பதிவிலிருந்து தெரியவில்லை.

முதல் பாதியையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லீக்கே இல்லாமல் ஐடிலிங்கை உயர்த்தும் விஷயங்கள் உண்டு. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது, ஈசியூ காலை நேர ஐடிலிங்கையே பிடித்துக்கொண்டிருக்கும். கூலண்ட் சென்சார் பொய் சொன்னாலும் அதேதான். சமீபத்தில் த்ராட்டில் பாடி கிளீன் செய்தீர்களா? கிளீன் செய்த பிறகு ஐடிலிங்கை மறுபடி கற்றுக்கொள்ள வைக்காவிட்டால் சில வண்டிகள் நாள் கணக்கில் இப்படி ஆடும். கேபிள் த்ராட்டில் என்றால் கேபிள் இழுத்துக்கொண்டு நிற்கிறதா என்று ஒரு விரலால் தொட்டாலே தெரிந்துவிடும்.

லீக் இருக்கிறதா இல்லையா என்று காசு செலவில்லாமல் உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. பழைய ஆட்கள் உள்ளங்கையால் செய்வார்கள். நீங்கள் கையை வைக்காதீர்கள், இழுப்பு பலமாக இருக்கும். தடிமனான ரப்பர் ஷீட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் குழாயைக் கழற்றுங்கள். அந்தக் குழாயில் இன்ஜின் தலையிலிருந்து வரும் பிரீதர் ஹோஸ் ஒன்று சேர்ந்திருக்கும். இன்ஜின் பக்கம் உள்ள அதன் வாயை அடைத்துவிடுங்கள். இதை மறந்தால் அதன் வழியாகவே காற்று வந்து உங்களை ஏமாற்றும். இன்ஜினை ஓடவிட்டு, ரப்பரால் த்ராட்டில் வாயை முழுதாக மூடுங்கள். நல்ல இன்ஜின் ஓரிரு வினாடியில் மூச்சடைத்து நின்றுவிடும். நிற்காமல் நொண்டிக்கொண்டாவது ஓடினால், காற்று வேறெங்கிருந்தோ வருகிறது. அதில் சந்தேகமே வேண்டாம். மிகச் சின்ன லீக்கை இந்தச் சோதனை காட்டாது. ஆனால் ஐடிலிங்கை 1,200-ல் நிறுத்தும் அளவு லீக் சின்னதாக இருக்காது. இன்னொன்று, உள்ளே வரும் காற்றின் அளவை நேரே அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் குழாயைக் கழற்றினாலே இன்ஜின் நின்றுபோகும், அங்கே இது உதவாது. உங்கள் வகைச் சின்னப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் மேனிஃபோல்டுக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் என்பதால் நடக்கும்.

இந்த மேப் சென்சார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் அறிவுரை பாதிக்கு மேல் அமெரிக்க வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. மாஸ் ஏர்ஃப்ளோ உள்ள வண்டியில் ஓட்டை வழியாக வரும் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் குறைந்துவிடும், ஈசியூ ஃப்யூயல் ட்ரிம்மை (பெட்ரோல் அளவில் அது செய்யும் திருத்தம்) ஏற்றி ஈடுகட்டும், ஒரு கட்டத்துக்கு மேல் பி0171 (பெட்ரோல் குறைவான கலவை) என்று கோடு போட்டு லைட்டை எரியவிடும். ட்ரிம் ஐடிலிங்கில் 20 சதவீதம் கூடுதலாக இருந்து, 2,500-ல் 5-க்குள் வந்துவிட்டது என்றால் அது லீக். இரண்டிலுமே 20 என்றால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், சென்சார் பக்கம் போக வேண்டும். மேப் சென்சார் உள்ள வண்டியில் இப்படி நடப்பதில்லை. த்ராட்டில் வழியாக வந்தாலும் ஓட்டை வழியாக வந்தாலும் சென்சாருக்குத் தெரிவது உள்ளே உள்ள அழுத்தம் மட்டும்தான். அது ஏறினால் அதற்குத் தக்க பெட்ரோலும் சேர்ந்து போகும், கலவை ஏறக்குறைய சரியாகவே இருக்கும், ஆர்பிஎம் மட்டும் உயரும். ஸ்கேனர் மாட்டி "கோடு எதுவும் இல்ல, லீக் கிடையாது" என்று சொல்லும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டியில் வந்தாலும் ஐடிலிங் அதிகம் என்கிற பி0507 வரலாம், எதுவும் வராமலும் போகலாம்.

ட்ரிம் பார்ப்பதாக இருந்தால் கிட் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேஸ் ட்யூனிங் சரியில்லாவிட்டால், கேஸில் ஓடும்போது பெட்ரோல் ஈசியூ தவறான திருத்தங்களைக் கற்று வைத்திருக்கும். பெட்ரோலுக்கு மாற்றிய உடனே லாங் டெர்ம் ட்ரிம் எண்ணை (ஈசியூ நாள்பட கற்று வைத்த திருத்தம்) பார்த்தால் அது கேஸின் கதையைச் சொல்லும். குறைந்தது முப்பது, நாற்பது கிலோமீட்டர் பெட்ரோலிலேயே ஓட்டிவிட்டு எடுத்த எண்தான் பேச்சுக்கு ஆகும்.

இனி எங்கே தேடுவது. கேஸ் கிட் போட்ட வண்டி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே என் கண் பேக்கிங்கை விட்டு விலகிவிட்டது. கிட் போடும்போது மேனிஃபோல்டில் நான்கு இடத்தில் ட்ரில் போட்டு, மரை வெட்டி, பித்தளை நாசில் திருகுவார்கள். அதோடு, மேனிஃபோல்டிலிருந்து வரும் ஒரு வாக்யூம் ஹோஸை நடுவில் வெட்டி டீ (T வடிவ இணைப்பு) வைத்து, கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசருக்கும் கேஸ் மேப் சென்சாருக்கும் கிளை இழுப்பார்கள். ஆலையில் வந்த இன்ஜினில் இல்லாத ஐந்தாறு புது மூட்டுகள் இப்படிச் சேர்ந்துவிடுகின்றன. போன வருடம் மழைக்காலத்தில் இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. வேறொரு ஷெட்டில் மேனிஃபோல்ட் பேக்கிங் மாற்றியாயிற்று, த்ராட்டில் பாடி புதிது, நான்கு பிளக் புதிது. ஐடிலிங் 1,400. பேட்டரிக்குப் பின்னால், கருப்பு டேப் சுற்றிய ஒயர்களோடு ஒயராக அந்த டீ கிடந்தது. மேலே பார்த்தால் ஒன்றுமில்லை, கேபிள் டை கூட இறுக்கமாக இருந்தது. கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்த்தபோது கீழ்க் காலில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. கையால் லேசாகத் திருப்பினேன், பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்து வந்தது. அந்தச் சூட்டுக்குத் தாங்காத சாதா பிளாஸ்டிக். இருபது முப்பது ரூபாய் சாமான். அந்த வண்டிக்காரர் அதற்குள் பதினெட்டாயிரம் செலவழித்திருந்தார். உங்கள் வண்டியிலும் இதுதான் என்று சொல்லவில்லை. ஆனால் இதைப் பார்க்காமல் மேனிஃபோல்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

வரிசையாகத் தேடும் முறை இது. சிஎன்ஜி சிலிண்டர் வால்வை மூடிவிட்டுப் பெட்ரோலில் மட்டும் ஓடவிடுங்கள். கேஸ் போகும் ஹோஸ் எதையும் கழற்ற வேண்டாம். கேஸ் வாடை வந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு கிட் போட்டவரைக் கூப்பிடுங்கள். அப்புறம் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக, மேனிஃபோல்டுக்கு ஒட்டிய இடத்தில், துணி சுற்றிய பிளையரால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது ஆர்பிஎம் தடாலென்று விழுந்து நிலைக்கிறதோ, கோளாறு அந்த ஹோஸிலோ அது போய்ச் சேரும் இடத்திலோ இருக்கிறது. பிளாஸ்டிக் குழாயை அழுத்தாதீர்கள், உடைந்துவிடும். அதைக் கழற்றி விரலால் அடைத்துப் பார்க்கலாம். பிசிவி (இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் வால்வு) ஹோஸை அழுத்தினால் நல்ல வண்டியிலும் ஐடிலிங் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அது வழியாகக் காற்று போவது ஏற்பாடே. முந்நூறு, நானூறு இறங்கினால்தான் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

பர்ஜ் வால்வு என்று ஒன்று இருக்கிறது, பெட்ரோல் டாங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்புவது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அது மூடியிருக்க வேண்டும். கேனிஸ்டர் (டாங்க் ஆவியைச் சேர்த்து வைக்கும் கரி டப்பா) பக்கத்து ஹோஸை உருவிவிட்டு வால்வின் வாயில் விரலை வையுங்கள். இழுத்தால் வால்வு போயிற்று. பெட்ரோல் நிரப்பிய உடனே மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்றால் இதன்மேல் சந்தேகம் இன்னும் கூடும்.

மேனிஃபோல்டின் வாக்யூமை வைத்து பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரைத் தனியாகச் சொல்கிறேன், இது ஐடிலிங் பிரச்சினை மட்டுமல்ல என்பதால். இன்ஜினை அணைத்து பெடலை நான்கைந்து முறை அழுத்துங்கள், கட்டையாகிவிடும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் தெரியும்படி கொஞ்சம் உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றாலோ, பிரேக் மிதிக்கும்போது கால் பக்கம் உஸ்ஸென்று சத்தம் வந்து இன்ஜின் ஆடினாலோ, பூஸ்டரோ அதன் ஹோஸோ கோளாறு. அந்த நிலையில் மற்றதெல்லாம் அப்புறம். வண்டியை ஓட்டாமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எலியைக் குறிப்பிடாமல் விட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. ஹோஸின் மேல் பக்கம் பளபளவென்று இருக்கும், அடியில் கடித்திருக்கும். விரலை அடியில் ஓட்டிப் பாருங்கள். முனைகளில்தான் ரப்பர் முதலில் வெடிக்கும். வளைத்துப் பார்த்தால் வாய் திறக்கும். மேனிஃபோல்டின் பின்புறம், ஃபயர்வால் பக்கம், உபயோகிக்காத குழாய் வாய்களை மூடி நகம் அளவில் ரப்பர் மூடிகள் இருக்கும். அதில் ஒன்று காணாமல் போயிருந்தாலும் இதே ஆட்டம்தான்.

இனி ஸ்ப்ரே. சூடான இன்ஜினில் கார்ப் கிளீனர் அடிப்பதை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது. அது எளிதில் தீப்பிடிக்கும் சாமான், எக்சாஸ்ட் மேனிஃபோல்ட் கைக்கெட்டும் தூரத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது, ஆல்டர்னேட்டருக்குள் பொறி பறக்கிறது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் என்றால் இன்னும் மோசம், சூட்டில் சிதைந்து நச்சு வாயு உண்டாகும். ஆபத்தை விடுங்கள், பதிலும் நம்பும்படி இருக்காது. ஸ்ப்ரே ஆவி ஏர் ஃபில்டர் வழியாகப் போனாலும் இன்ஜின் சத்தம் மாறும், நீங்கள் பக்கத்தில் இருந்த பேக்கிங்கைக் குற்றம் சொல்வீர்கள். பூவாளி மாதிரி தெளிக்கும் சின்ன பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் கோட்டில், கேஸ் நாசில்களின் அடியில், இன்ஜெக்டர் ஓ-ரிங் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு நொடி அடைக்கும். உஸ் சத்தம் மாறும், இன்ஜின் ஒருமுறை தடுமாறும். காயிலிலும் ஒயர் சாக்கெட்டுகளிலும் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காதுக்குத் துணையாக இரண்டு அடி ரப்பர் ட்யூப் ஒன்று போதும், ஒரு முனை காதில், மறு முனை ஹோஸ் மூட்டுகளில். ஃபேனும் பெல்ட்டும் இருக்கும் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இத்தனைக்கும் பிடிபடவில்லை என்றால் ஸ்மோக் டெஸ்ட். இன்ஜினை நிறுத்தி, ஏர் வழியை அடைத்து, ஒரு வாக்யூம் ஹோஸ் வழியாக எண்ணெய்ப் புகையை மெதுவாக உள்ளே விடுவார்கள். எங்கே புகை வருகிறதோ அங்கே ஓட்டை. அழுத்தம் 1 பிஎஸ்ஐ-க்குள் இருக்க வேண்டும், கம்ப்ரசர் காற்றை நேரே விட்டால் நல்ல சீலையும் பிய்த்துவிடும். த்ராட்டில் ஷாஃப்டில் இலேசாகப் புகை கசிவது பல வண்டிகளில் சகஜம். திறந்திருக்கும் வால்வுகள் வழியாக சைலன்சரிலும் வரலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. குளிர்ந்த இன்ஜினில் மூடியிருந்து சூடானதும் திறக்கும் வெடிப்பையோ, இன்ஜின் ஆடும்போது மட்டும் வாய் பிளக்கும் ஹோஸையோ இது தவறவிடலாம்.

வாக்யூம் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) நிலையாக நின்றால் நல்லது என்பது பாடம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டியை ஊட்டிக்கே போய்ப் பார்த்தேன். கேஜ் 13 காட்டியது, மேனிஃபோல்டைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தேவிட்டேன். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே ஏழு அங்குலம் குறைவு, அங்கே 13 என்றால் கீழே 20. கூட வந்த பெரியவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. உயரத்தைக் கழிக்காமல் எண்ணைப் படிக்கக் கூடாது. கேஜ் குறைவாகக் காட்டினால் லீக் மட்டும்தான் காரணம் என்றும் இல்லை, டைமிங், அதாவது பிளக்கில் பொறி வரும் நேரம், பின்தங்கினாலும் குறையும். டீசல் வண்டிக்காரர்கள் இதையெல்லாம் தங்கள் வண்டியில் செய்து பார்க்க வேண்டாம், அங்கே வாக்யூம் தனி பம்ப்பிலிருந்து வருகிறது, கதையே வேறு.

ஒன்பதாயிரத்துக்கு வருவோம். எல்லா ஹோஸையும் அழுத்தி, டீயையும் நாசிலையும் பார்த்து, பர்ஜ் வால்வும் நல்லது என்று தெரிந்து, மேனிஃபோல்ட் கோட்டில் தண்ணீர் தெளித்தால் மட்டும் இன்ஜின் தடுமாறுகிறது என்றால், பேக்கிங்தான், மாற்றச் சொல்லுங்கள். அந்த ஓட்டை ஒரு சிலிண்டருக்கு அருகில் இருந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் ஐடிலிங்கில் மிஸ்ஸிங் அடிக்கும், அதுவும் ஒரு துணைச் சாட்சி. மாற்றும்போது பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும், கண்டபடி முறுக்கினால் புதுப் பேக்கிங்கும் ஒரு வருடத்தில் விடும். கழற்றிய பழைய பேக்கிங்கைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். காற்று புகுந்த இடத்தில் ரப்பரின் குறுக்கே தூசிக் கோடு பல சமயம் தெரியும். அப்படி ஒன்றுமே இல்லாமல் நான்கு பக்கமும் ஒரே மாதிரி சுத்தமாக இருந்தால், மூடி இறுக்குவதற்கு முன்னாலேயே அந்த டீயை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.